கண்ணகியர் உரையாத வழக்கு

"ஒருவனுக்கு ஒருத்தி" என்பது தமிழர் தொன்றுதொட்டுப் போற்றிவந்த அறம் என்று மேடைகளிலே பலரும் முழங்கக் கேட்கின்றோம். மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் இவ்வாக்கியம் தவறாது இடம்பெறுகின்றது. கேட்பதற்கு இனிய கூற்றுத்தான். ஆயினும், பழைய நூல்களை முறையாகக் கற்றவர் இதனைப் பழந்தமிழர் வாழ்வின் வரலாறாக ஏற்றுக்கொள்ளுதல் அரிது. நாம் விரும்புவது வேறு. நம் முன்னோரிடத்து நிகழ்ந்தது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினால், நிகழ்ந்த அநீதி நம் கண்ணுக்கு மறைந்துபோகும். இன்றும் நிகழ்கின்ற அநீதியை உணரும் ஆற்றலும் குன்றிப்போகும்.

முன்னோரைப் பழிப்பது என் நோக்கமன்று. மனைவி ஒருத்தி இருக்க இன்னொருத்தியை நாடிய ஆடவனால் வருந்திய பெண்ணுக்கு அக்காலத்தில் யார் துணை நின்றனர்? இக்காலத்தில் எது துணைநிற்கின்றது? இலக்கியத்தையும் நாட்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்து இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் கருத்து.

நூல்கள் கூறுவன

தொல்காப்பியப் பொருளதிகாரத்தை முதலிலே நோக்குவோம். கற்பியலில், பின்முறையாகச் செய்யப்படும் மணத்தைப் பற்றிய சூத்திரமொன்று உளது. இரண்டாவதாக மணம் நிகழும்போது முதல் மனைவி எதிர்ப்படுமிடத்தும், அணிபூண்ட புதல்வனை வாயிலாகக்கொண்டு அவள் புகுமிடத்தும், தலைவன் நடந்தவற்றை நினைந்து கலங்குதல் உண்டு என்பது அதன் கருத்து. பரத்தையிற் பிரிவும் வாயில்மறுத்தலும் மருதத்திணைக்கு உரிய பொருள்களாக வகுக்கப்பட்டுள்ளன. பிற்காலத்துத் திருத்தக்கதேவர் இயற்றிய சீவகசிந்தாமணி, தலைவன் எண்மரை மணந்த கதையைக் கூறி, மணநூல் என்னும் பெயரும் பெற்றது.

ஆகவே, பலரை மணத்தலும் மனைவியை நீங்கிப் பிறள்பாற் செல்லுதலும் அக்காலத்திலே நிகழ்ந்தன என்பதும், செல்வரிடத்து அவை பெரும்பழியாகக் கருதப்படவில்லை என்பதும் வெளிப்படை. எனினும் தொல்காப்பியர் சூத்திரத்திலே ஒரு சொல் நம்மைச் சிந்திக்க வைக்கின்றது. தலைவன் "கலங்குதல்" உண்டு என்கின்றாரே, எதற்காகக் கலங்குகின்றான்? வழக்கம் அவனுக்கு இடங்கொடுத்தது. ஊர் அவனைத் தடுக்கவில்லை. ஆயினும் உள்ளம் அவனை விட்டபாடில்லை. முன்னையவளையும் அவள் கைப்பற்றி நிற்கும் மகனையும் கண்டபொழுது நெஞ்சு அறிகின்றது. வழக்கமாகிவிட்டமையால் ஒரு செயல் நீதியாகிவிடாது என்பதற்கு இலக்கணமே சான்று பகருகின்றது.

பேகன் மனைவி

சங்க நூல்களிலே கண்ணகி என்னும் பெயருடையாள் ஒருத்தி உளள். கோவலன் மனைவியல்லள், வையாவிக் கோப்பெரும்பேகனின் மனைவி. பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். மயில் குளிரால் நடுங்குகின்றதென்று எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தவன் எனப் புகழ்பெற்றவன். அத்தகையோன் தன் மனைவியைத் துறந்து வேறொருத்தியை நாடி நல்லூருக்குச் சென்றுவரலானான்.

இதனையறிந்து கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் புலவர் நால்வர் அவனைப் பாடினர். புறநானூற்றிலே 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள் அவை. புலவர் வந்தாற் பரிசில் கேட்பர். இவர்களும் பரிசிலே கேட்டனர். ஆனால் பொன்னும் அணியும் எமக்கு வேண்டா என்றனர். பசியால் வந்தோமல்லேம், சுற்றத்தின் சுமையால் வந்தோமல்லேம் என்றார் பரணர். இன்றிரவே நின் தேரேறிச் சென்று அவள் துயரைக் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்பது அவர் பாட்டின் சாரம். மயிலுக்கு இரங்கிய வள்ளலை நோக்கி மனைவிக்கு இரங்குக எனக் கேட்க நேர்ந்ததே என்னும் வேதனை அப்பாடல்களிலே ஊடுருவி நிற்கின்றது.

இவற்றை மாணவர்க்குப் பாடஞ்சொல்லும் போதெல்லாம் அப்புலவர்களின் பெருமையை நான் எடுத்துரைப்பதுண்டு. வேந்தன் முகத்துக்கு நேரே அவன் இல்லத்துப் பிழையைச் சுட்டிக்காட்டுதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! எனினும், நால்வரும் பேகனிடம் வேண்டியது யாது? அருள். அவன் விரும்பினால் தேரேறுவான், விரும்பாவிடின் ஏறான். அவனை ஏற்றுவிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. அவன் கேட்டானோ, கேளாது விட்டானோ, புறநானூறு கூறவில்லை. கண்ணகியோ அழுதாள். யாழிசைத்து வந்தவரிடம் தன் துயரைச் சில சொற்களிலே கூறினாள். அவ்வளவே அவளாற் செய்ய முடிந்தது.

கோவலன் மனைவி

இனி, யாவரும் அறிந்த கண்ணகியிடம் வருவோம். ஈழத்திலே பத்தினித்தெய்வமாகக் கோயில்கொண்டிருப்பவள் அவள். மதுரையிலே பாண்டியன் அவைக்களத்தில் நின்று வழக்குரைத்து வென்றவள். வழக்குரைகாதையைப் படித்து மெய்சிலிர்க்காத மாணவன் இல்லை.

அவள் உரைத்த வழக்கு யாது? தன் கணவன் கள்வன் அல்லன் என்பது. கணவன்பொருட்டு வழக்குரைத்தாள், அரசனையே குற்றவாளியாக்கினாள். ஆனால் அதற்கு முன்பு, புகாரிலே, மாதவி இல்லத்திற் கோவலன் பொருளையெல்லாம் தொலைத்துக்கொண்டிருந்த காலத்திலே, தனக்கு இழைக்கப்பட்ட அநீதியை எந்த மன்றத்திலே சென்று அவள் உரைத்தாள்? உரைக்கவில்லை. உரைப்பதற்கு மன்றம் இல்லை. கணவனுக்காகக் கோநகரை எரிக்கும் ஆற்றலுடையாளுக்குக் கணவன்மீது முறையிட ஓரிடமும் இருந்ததில்லை. ஆய்ச்சியர் குடியிருப்பிலே, கொலைக்களம் நோக்கி அவன் புறப்படும் வேளையில், நீர் ஒழுகிய ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்ற கருத்தை ஒரேயொரு முறை அவனிடம் சொன்னாள். அவள் தொடுத்த வழக்கெல்லாம் அவ்வொரு சொல்லே.

இரண்டு கண்ணகியரும் உரையாது விட்ட வழக்கு ஒன்றுதான். அது பெண்ணின் பொறுமையென்று போற்றப்பட்டது. பொறுமை உயர்ந்த குணமே. ஆயின், வேறு வழியில்லாதவள் பொறுத்திருத்தலைப் பொறுமை என்று புகழ்வது, கட்டுண்டவன் அசையாதிருத்தலை அடக்கம் என்று புகழ்வதை ஒக்கும்.

மாதவியையும் இங்கே மறத்தலாகாது. இத்தகைய கதைகளிலே இரண்டாமவளைக் குற்றவாளியாக்கி, ஆடவனைத் தப்பவிடுதல் உலகியல்பு. இளங்கோவடிகளும் சாத்தனாரும் அவ்வாறு செய்தாரல்லர். கோவலன் இறந்தமை கேட்டு மாதவி துறவு பூண்டாள். தன் மகள் மணிமேகலையைக் குலத்தொழிலிற் செலுத்த உறவினர் முயன்றபோது, அவள் மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்று கூறி மறுத்தாள். தன் வயிற்றிற் பிறந்தவளை முதல் மனைவியின் மகளாகக் கொண்டாளே, அதன் பொருளை ஆழ்ந்து நோக்குக. ஆடவன் ஒருவனது செயலால் மூவர் வருந்தினர்: மனைவி, மற்றையவள், பிறந்த பிள்ளை. இம்மூவரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர் என்பதை மாதவி உணர்ந்திருந்தாள்.

பொய்யும் வழுவும்

அற்றேல், பழந்தமிழ் நாட்டிலே பெண்ணுக்கு நீதி வழங்கிய மன்றமே இல்லையோ எனின், உண்டு. அகநானூற்று 256 ஆம் பாட்டிலே கள்ளூர் என்னும் ஊரில் நிகழ்ந்ததொரு செய்தி வருகின்றது. ஒருவன் பெண்ணொருத்தியின் நலத்தைக் கவர்ந்தபின், அவளை யான் அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். ஊரவை சான்றுகளை விசாரித்து உண்மை கண்டது. அவனை மரக்கிளையிற் கட்டி, தலையிலே நீற்றைப் பெய்து தண்டித்தது. அவளை அறியேன் என்று மறுத்தவனைத் தண்டிக்க மன்றம் இருந்தது. அறிந்து, மணந்து, பின் கைவிட்டவனைத் தண்டிக்கத்தான் மன்றம் இல்லை.

கள்ளூரிலே அப்பெண்ணைக் காத்தது எது? சான்று. தொல்காப்பியரும் இதனையே வேறு வகையிற் கூறுகின்றார். மக்களிடத்தே பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் கரணத்தை வகுத்தனர் என்பது கற்பியற் செய்தி. கரணமாவது மணச்சடங்கு. ஆகவே மணச்சடங்கின் பயன் ஆடம்பரமன்று; அழகுமன்று. நாளை ஒருவன் "இவளை யான் மணந்திலேன்" என்று கூறாதபடி ஊரறிய நிறுத்தும் சான்றே அது. இவ்வுண்மையை மனத்திற் பதித்துக்கொண்டு, இனி நம் காலத்துச் சட்டங்களை நோக்குவோம்.

சட்டம் வகுத்த வேலி

ஈழத்திலே கண்டிச் சிங்களவரிடையே ஒருத்தியைச் சகோதரர் பலர் மணத்தலும், ஒருவன் பலரை மணத்தலும் வழக்கில் இருந்தன. 1859 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்விரண்டையும் விலக்கியது. பின்னர் வந்த 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், முன்செய்த மணம் சட்டப்படி நீங்காதிருக்க மறுமணம் செய்தல் செல்லாது என வரையறுத்தது. தண்டனைச் சட்டக்கோவை அத்தகைய மறுமணத்தைக் குற்றமாக்கி, ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. தமிழகத்திலோ, இந்துக்களின் இருதார மணத்தை 1949 ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அத்தடையை இந்தியா முழுவதற்கும் விரித்தது.

"ஒருவனுக்கு ஒருத்தி" என்பது தமிழர் வாழ்விலே விதியாக நிலைபெற்றது இச்சட்டங்களினால்தான். இதிலே நாணத்தக்கது ஒன்றுமில்லை. பரணர் பேகனிடம் இரந்து கேட்டதனை, இன்று எளிய குடிப்பிறந்த பெண்ணொருத்தி இரவாமலே பெறலாம். அருள் உரிமையாயிற்று. சமூகநீதி என்று நாம் வழங்கும் சொல்லின் உட்பொருள் இதுவேயாம்.

ஆயினும் வேலியுள்ள இடத்திலே பொட்டு வைத்து நுழைவாரும் உளர். 1965 ஆம் ஆண்டிலே இரண்டு தீர்ப்புகள் வெளிவந்தன. ஒன்று ஈழத்தைப் பற்றியது, மற்றொன்று இந்தியாவைப் பற்றியது.

ஈழத்து வழக்கு இது. 1933 ஆம் ஆண்டிலே கிறித்தவ முறைப்படி மணம்புரிந்த ஒருவர், மனைவி உயிரோடிருக்க, 1959 இல் இஸ்லாத்தைத் தழுவி, தம்மோடு மதம் மாறிய வேறொருவரை முஸ்லிம் விவாகச் சட்டத்தின்படி மணந்தார். விசாரணை மன்றம் குற்றவாளி எனக் கண்டது. மேன்முறையீட்டு மன்றம் விடுவித்தது. வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்குச் சென்றது. பல இனத்தவரும் பல சமயத்தவரும் வாழும் நாட்டிலே ஒருவர் தம் சமயத்தையும் அதனோடு தம் தனியாள் சட்டத்தையும் மாற்றிக்கொள்ள உரிமையுடையவர் எனக் கூறி, அக்கழகம் அவ்விடுதலையை உறுதிசெய்தது.

இந்திய வழக்கு மகாராட்டிரத்திலிருந்து எழுந்தது. மனைவியிருக்க மறுமணம் செய்தான் என ஒருவன் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. அவ்விரண்டாம் மணம் காந்தருவ முறையில் நிகழ்ந்தது என்றனர். வேள்வித்தீயும் ஏழடி வைத்தலும் நிகழ்ந்தமை நிறுவப்படவில்லை. ஆதலின் சட்டத்தின் கண்ணிலே மறுமணமே நடைபெறவில்லை. மறுமணம் இல்லாதவிடத்துக் குற்றமும் இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் அவனை விடுவித்தது. பொய்யும் வழுவும் தோன்றியமையால் ஐயர் யாத்த கரணம், பொய்க்கும் வழுவுக்கும் புகலிடமாயிற்று!

இவ்விரு தீர்ப்புகளிலும் நீதியரசர்கள் சட்டத்தின் சொல்லை நுணுகி ஆராய்ந்தனர். ஆனால் முதல் மனைவி என்பாள் ஒருத்தி அவ்வாராய்ச்சியிலே எங்கோ ஓர் ஓரத்தில் நின்றாள். கணவனின் சமய உரிமை பேசப்பட்டது. சடங்கின் நிறைவு பேசப்பட்டது. அவளுக்கு முன்பு கொடுக்கப்பட்ட வாக்கு எவ்வாறு காற்றிற் பறந்தது என்பது பேசப்படவில்லை.

முப்பதாண்டு கழித்துக் காற்று மாறி வீசிற்று. மறுமணத்துக்காகவே மதம் மாறும் இந்துக் கணவனின் இரண்டாம் மணம் செல்லாது என 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இலங்கை உயர் நீதிமன்றத்திலே 1997 ஆம் ஆண்டு அத்தகைய வழக்கொன்று முடிவுற்றது. 1958 இல் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி மணந்து, 1985 இல் முஸ்லிம் சட்டத்தின்படி வேறொருவரை மணந்த ஒருவர்மீது முதல் மனைவியே வழக்குத் தொடுத்தார். ஒருவர் தாமாக மதம் மாறுவதனால் மட்டும் முன்னைய மணத்தினாலே தம்மீது வந்த கடப்பாடுகளை உதறித் தள்ளிவிட முடியாது என்று மன்றம் உரைத்தது. புகார்க் கண்ணகி உரையாத வழக்கை ஈழத்துப் பெண்ணொருத்தி உரைத்து வென்றாள் என்றே நான் இத்தீர்ப்பைப் படித்தபோது எண்ணினேன்.

இங்கே ஒன்று கூறிவைத்தல் வேண்டும். இத்தீர்ப்பு இஸ்லாத்துக்கு எதிரானதென எவரேனும் கருதின் அது பிழையாகும். அச்சமயம் பலரை மணத்தற்குக் கொடுக்கும் இசைவு, மனைவியரிடையே நீதி செலுத்துதல் என்னும் கடுமையான நிபந்தனையோடு கூடியது. நம்பிக்கை சிறிதுமின்றி மனைவியை ஏய்க்கும் பொருட்டே அச்சமயத்தின் பெயரை இரவல் வாங்குபவன், தன் மனைவிக்கு மட்டுமன்றி அச்சமயத்துக்கும் அநீதி செய்பவனாவான். 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தை எவ்வாறு திருத்துதல் வேண்டும் என்பதை ஆராய 2009 இலே குழுவொன்று அமைக்கப்பட்டு, 2018 இலே அதன் அறிக்கை கையளிக்கப்பட்டது. அச்சமூகத்துப் பெண்களும் அறிஞரும் தம்முள் வாதித்துவரும் பொருளிலே நாம் நாட்டாண்மை செய்யப் புகுதல் முறையன்று. நம் வீட்டுக் கூரையின் ஒழுக்கை முதலிலே நாம் அடைப்போம்.

எழுத்தில்லாத கலியாணம்

நம் வீட்டு ஒழுக்கு எது? யாழ்ப்பாணத்திலே விவாகப் பதிவை "எழுத்து" என்பர். "எழுத்து முடிந்துவிட்டதா?" என்று உறவினர் கேட்பது வழக்கம். நம் நாட்டுச் சட்டத்தின்படி, வழக்காற்று முறையிலே கூறையும் தாலியும் கொடுத்து நிகழ்ந்த மணம், எழுத்து இல்லாமையால் மட்டும் செல்லாததாகிவிடாது. ஆயின், மணத்துக்குத் தலைசிறந்த சான்று பதிவேட்டிலுள்ள பதிவே என்று 1907 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. எழுத்து இருந்தால், அவள் தாளொன்றைக் காட்டினாற் போதும். எழுத்து இல்லையெனின், ஐயரையும் அயலவரையும் தேடிக் கூட்டிவந்து, தான் மனைவி என்பதைத் தானே நிறுவுதல் வேண்டும்.

போர்க்காலத்திலே இடம்பெயர்ந்து, ஊரும் அயலும் சிதறிப்போன நம்மவரிடையே இது எத்துணை அரிய காரியம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. கோயிலிலோ உறவினர் வீட்டிலோ அவசரமாகத் தாலி கட்டி, எழுத்தைப் பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் உளர். கணவன் கடல்கடந்து சென்றான்; சில ஆண்டு கடிதம் வந்தது, பணம் வந்தது; பின்பு இரண்டும் நின்றன. அங்கே அவன் வேறொருத்தியோடு வாழ்கின்றான் என்னும் செய்தி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது. இத்தகைய தாய்மார் தம் பிள்ளைகளைக் கல்லூரியிற் சேர்க்க வந்து என் முன்னே நின்றிருக்கின்றனர். கணவன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவதென்று தயங்கி, பேனையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தவர்களை நான் அறிவேன்.

பிள்ளைகளையும் அறிவேன். ஆசிரியப் பணியில் என் கைக்கு வந்த பிறப்பத்தாட்சிப் பத்திரங்களிலே, பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்று ஒரு கூறு இருக்கும். அதற்கெதிரே "இல்லை" என்று எழுதப்பட்ட பத்திரத்தை, அக்கூறு உட்புறம் மறையுமாறு நான்காக மடித்தே கொண்டுவருவான் ஒரு மாணவன். படிப்பிலே அவன் முதல்வன். அவன் செய்த குற்றம் யாது? மணிமேகலை செய்த குற்றம் யாதோ, அதுவே. 1999 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் மணத்தின் வழிவராத பிள்ளைக்கும் தந்தையிடத்துப் பராமரிப்புப் பெறும் உரிமையை உறுதி செய்துள்ளது. இரண்டாமவள் என்று தூற்றப்படும் பெண்ணும், அவள் பிள்ளையும் அறியவேண்டிய செய்தி இது. அவளிடம் முன்னைய மணத்தை மறைத்து அவளை மணந்தவனுக்குச் சட்டம் தண்டனையை இன்னும் கூட்டுகின்றது என்பதையும் அவள் அறிதல் வேண்டும். ஏமாற்றப்பட்டவள் ஏமாற்றியவனின் பழியைச் சுமத்தல் நீதியாகாது.

சீதனக் காணியின் கதை இன்னும் கொடிது. தேசவழமைக்குட்பட்ட பெண், சீதனமாகத் தன் பெயரிலே பெற்ற காணியையும் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு அது. கணவன் கைவிட்டுச் சென்றவிடத்து மாவட்ட நீதிமன்றை அணுகி அவன் சம்மதத்துக்கு ஈடான அனுமதியைப் பெறலாம் என்பது உண்மையே. ஆயினும், வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துபவனின் கையொப்பம் இல்லாத குறையைத் தீர்க்க, தன் தந்தை தந்த நிலத்துக்காக அவள் கோட்டுப்படி ஏறவேண்டியிருக்கின்றது! மகளின் மருத்துவச் செலவுக்கு அந்நிலத்தை ஈடுவைக்க நினைப்பவளுக்கு வழக்குத்தவணைகள் எத்துணை நீண்டவையாகத் தோன்றும்! மனைவியரை எண்ணுதல் மட்டும் நீதிக்குப் போதாது. பொருளும் அவள் கையில் இருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

தடை இரண்டு

இக்கருத்துகளை உரைக்கும்போது வழக்கமாக எழும் தடைகள் இரண்டுள.

முருகப்பெருமானுக்கே தேவியர் இருவராயிற்றே என்று கூறி நகைப்பார் சிலர். கந்தபுராணம் படித்துப் பயன்சொல்லும் மரபு வேரூன்றிய மண்ணிலே பிறந்தோர் இவ்வாறு பேசலாமா? வள்ளியம்மையார் இச்சாசத்தி, தெய்வயானையம்மையார் கிரியாசத்தி. பெருமானது ஞானமே வேலாக விளங்குவது. தத்துவத்தை உணர்த்தும் உருவத்தை, தன் ஒழுக்கக்கேட்டுக்குச் சான்றாக அழைப்பவன் கந்தபுராணத்தைப் படித்தவனல்லன். அதன் அட்டையை மட்டும் பார்த்தவன்.

பிள்ளைப்பேறு இல்லாதவிடத்து மறுமணம் தருமந்தானே என்பது இரண்டாவது தடை. பிள்ளையின்மைக்குக் காரணம் ஆண்பாலும் இருக்கலாம், பெண்பாலும் இருக்கலாம் என்பதை இன்று மருத்துவம் ஐயந்திரிபற நிறுவியுள்ளது. அவ்வாறிருக்கப் பரிசோதனை எதுவுமின்றி மனைவியை மட்டும் மலடி என்று ஒதுக்குதல், விசாரியாது தண்டித்த பாண்டியன் செயலையே ஒக்கும். மகவில்லாதார் மகவேற்றுக்கொள்ளும் வழக்கம் தேசவழமையிலேயே உண்டு. மகவு வேண்டுவார்க்கு வழி உளது.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

மணத்தை விதிக்கும் அதிகாரம் நம்போன்ற ஆசிரியரிடத்து இல்லை. ஆயினும் மணம்புகப்போகும் இளையோரைக் கற்பிக்கும் பொறுப்பு நம்மிடத்தே உண்டு. பேகனைப் பாடிய பாடல்களை உவமை நயத்துக்காக மட்டும் கற்பியாதீர்கள். அவள் ஏன் அழுதாள், புலவர் ஏன் பொன்னை மறுத்தனர், அவளே நேரிற் சென்று கேட்க ஏன் இயலவில்லை என்று மாணவரை வினவுங்கள். வழக்குரைகாதையைக் கற்பிக்கும்போது, உரையாது விட்ட வழக்கையும் நினைவூட்டுங்கள். பழமையை இழிவுபடுத்தாமலும், பொய்யாகப் புனைந்து உயர்த்தாமலும் உள்ளவாறு காட்டினால், மாணவர் தாமே நீதியை உணர்வர்.

பெற்றோருக்கும் ஒன்று கூறுதல் தகும். தமிழகத்திலே 2009 ஆம் ஆண்டுச் சட்டம் மணப்பதிவைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் நாட்டிலே சட்டம் வற்புறுத்தாவிடினும், நாமே அதனை வழக்கமாக்கிக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்கு நாள் பார்ப்பவர்கள், மண்டபத்துக்கு முற்பணம் கொடுப்பவர்கள், கூறைக்கும் கொடிக்கும் மாதக்கணக்காக அலைபவர்கள், விவாகப் பதிவுகாரரை அழைப்பதற்கு ஒரு நாழிகை ஒதுக்கலாகாதா? பதிவேட்டைக் கண்டு, "எங்கள் பிள்ளைமீது நம்பிக்கை இல்லையா?" என்று முகஞ்சுளிப்பாரும் உளர். அவர்க்குத் தொல்காப்பியரைக் காட்டுங்கள். பொய்யும் வழுவும் தோன்றியமையாலன்றோ கரணமே தோன்றிற்று? அக்காலத்துக்கு அக்கரணம், இக்காலத்துக்கு இவ்வெழுத்து. தாலி ஊரறியச் செய்யும் சான்று. எழுத்து ஊர் சிதறினாலும் அழியாத சான்று.

நம் இலக்கணம் எழுத்து, சொல், பொருள் என்னும் முறைவைப்பை உடையது. மணவாழ்க்கைக்கும் அம்முறைவைப்பு ஏற்றதே. முதலிலே எழுத்து அமைதல் வேண்டும்; கொடுத்த சொல் வழுவாது நிற்றல் வேண்டும்; பொருளிலே அவளுக்கு உரிய பங்கு அவள் கையில் இருத்தல் வேண்டும். இம்மூன்றும் அமைந்த இல்லத்திலே பரணரும் கபிலரும் வந்து பாடவேண்டிய தேவை இராது.